போர் தண்ணீரில் யுரேனியம்: நானோ ஃபில்டரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். நான் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருகிறேன். பங்காரப்பேட்டைப் பக்கம் வீடு கட்டி, 1,100 அடி ஆழத்துக்கு போர் போட்டிருக்கிறோம். நண்பர் சொன்னார் என்று தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். யுரேனியம் லிட்டருக்கு 92 மைக்ரோகிராம், கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டிடிஎஸ் 780 என்று வந்தது. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, தாய்ப்பாலோடு பவுடர் பாலும் குடிக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. போன வாரம் ஒரு விற்பனையாளர் வந்து, டம்ளரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். தண்ணீர் பழுப்பாகிவிட்டது. 'இதுதான் நீங்கள் குடிப்பது' என்றார். அவருடைய நானோ ஃபில்டரில் 200 கிராம் நானோ பொருள் இருக்கிறதாம். ஒரு கிராம் 200 மில்லிகிராம் யுரேனியத்தைப் பிடிக்குமாம், 99 சதவீதம் எடுத்துவிடுமாம், தண்ணீர் வீணாகாதாம், மூன்று வருடம் மாற்ற வேண்டாமாம். விலை 38,000 ரூபாய். வாங்கலாமா? கொதிக்க வைத்தாலே போகாதா? இது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து வந்ததா?

பதில்: முதலில் குழந்தை. இன்றைக்கே அந்தப் போர் தண்ணீரில் பால் கலப்பதை நிறுத்திவிடுங்கள். ஃபில்டர் எது என்று முடிவாகும் வரை, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கேன் தண்ணீரில் பால் கலக்கட்டும். அம்மாவும் அதையே குடிக்கட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான் மருந்து, உலோகத்துக்கு இல்லை. நீர் ஆவியாகப் போகும், யுரேனியம் பாத்திரத்திலேயே தங்கும். ஒரு லிட்டரைக் காய்ச்சி முக்கால் லிட்டர் ஆக்கினால் உங்கள் 92 என்பது 120ஐத் தாண்டிவிடும். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ இதே தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தோல் வழியாகக் கணிசமாக உள்ளே போகாது. குடிப்பதும் சமைப்பதும்தான் கவனிக்க வேண்டியவை. உங்கள் குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

92 என்ற எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருக்கும், புரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். நம் குடிநீர்த் தரமும் இப்போது அதையே சொல்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சை மட்டும் கணக்கில் எடுத்து 60 என்று வைத்திருக்கிறது. உங்கள் தண்ணீர் இரண்டையும் தாண்டுகிறது, எனவே சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் யுரேனியம் என்றதும் அணுகுண்டை நினைக்க வேண்டாம். இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கம் மிக மெதுவானது. இந்த அளவில் முதல் கவலை அதன் வேதி நச்சு. அது குறி வைப்பது சிறுநீரகத்தை. வயிற்றுக்குள் போவதில் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது, அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கைக்குழந்தைகளின் குடல் இன்னும் கூடுதலாக உள்ளே விடும். அதனால்தான் குழந்தையை முதலில் சொன்னேன். அம்மாவின் கிரியாட்டினின் தண்ணீரால்தான் ஏறியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய் ஒன்றே அதற்குப் போதும். ஆனால் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த ஆய்வறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள்.

சயனைடு மேடுகளைப் பற்றி. அந்த மேடுகளின் தூசியைச் சுவாசித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது பாறையை. கிழக்குக் கர்நாடகத்தின் கருங்கல், நைஸ் பாறைகளில் இயல்பாகவே யுரேனியம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஆய்வில், இந்தப் பகுதியின் 73 கிராமங்களில் 57இல் நிலத்தடி நீர் 30ஐத் தாண்டியிருந்தது. அவை பல மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஊர்கள், அவற்றில் பல தங்கச் சுரங்கத்துக்கு அருகில்கூட இல்லாதவை. நிலத்தடி நீர் இறங்க இறங்க 1,000 அடிக்கு மேல் துளைக்கிறோம். ஆழத்துப் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கி நின்ற தண்ணீர், தன்னிடம் கரைந்துள்ள பைகார்பனேட் என்ற உப்பின் உதவியால் பாறையிலிருந்து யுரேனியத்தைக் கரைத்து வைத்திருக்கிறது. இந்தப் பைகார்பனேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானோ ஃபில்டர் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

அந்தப் பழுப்பு நிறம்? இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் அது கரைந்து துருவாகிறது. கரைந்த உப்பு இருக்கும் எந்த நல்ல தண்ணீரிலும் இது நடக்கும். மழைநீரிலும் ஆர்.ஓ. நீரிலும் உப்பு குறைவாக இருப்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் வராது. கம்பியின் துருவைக் காட்டி உங்கள் தண்ணீரைப் பழித்திருக்கிறார். யுரேனியத்துக்கு இந்த அளவில் நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

இனி நானோ. நான் முப்பது வருடமாக நீர் வேதியியலில் இருப்பவன். இந்தப் பொருட்களைக் கையில் எடுத்து வேலை செய்தவன். நானோ என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கிய இரும்பு நானோ கலவை, நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக்கை எடுக்கும் வடிகட்டிகளாக ஊர்களுக்கே போயிருக்கிறது. அறிவியல் உண்மையானது. உங்கள் வீட்டுக்கு வந்த கணக்கில்தான் கோளாறு.

இந்தப் பொருட்கள் வேலை செய்யும் விதத்துக்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். உறிஞ்சுவது வேறு, இது வேறு. இட்லி சாம்பாரைக் குடிப்பது உறிஞ்சுதல். சுண்டலின் மேல் தேங்காய்த் துருவல் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்ச்சி. ஒட்டுவது மேற்பரப்பில்தான் என்பதால், மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மணிகளாக இருந்தால் ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 11 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. அதையே 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகள்களாக்கினால் அதே ஒரு கிராமுக்கு 115 சதுர மீட்டர். அரை கிரவுண்டு மனை! இது கணக்குப் போட்டே வருவது, இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

அதை ஆய்வகத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பீக்கரில் யுரேனியம் கலந்த நீர், அதில் ஒரு சிட்டிகை மேக்னடைட் நானோ துகள். கலக்கினால் ஃபில்டர் காபி டிகாஷன் மாதிரி கருக்கும். சற்று நேரம் கழித்து ஒரு நல்ல காந்தத்தைப் பீக்கரின் பக்கவாட்டில் வைப்பேன். கருமை முழுவதும் கண்ணெதிரே நகர்ந்து அந்தப் பக்கச் சுவரில் திட்டாக ஒட்டும். மீதி நீர் கண்ணாடியாகத் தெளியும். அந்த நீரை எடுத்து அளந்தால் யுரேனியம் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். ஒருமுறை என் மாணவர் ஒருவர் தன் சொந்த ஊர் போர் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்தார். அதே துகள், அதே காந்தம், கண்ணுக்கு அதே தெளிவு. அளந்தபோது யுரேனியத்தில் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து நானும் சங்கடப்பட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் அவர் உண்மையான ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பேன்.

என்ன நடந்தது? ஆய்வகத்தில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில், சற்றே அமிலமான நிலையில், பி.எச். 5 அல்லது 6இல் சோதிப்பார்கள். அங்கே யுரேனியம், யுரேனைல் என்ற நேர் மின்னூட்டமுள்ள அயனியாகத் தனியே திரிகிறது. பரப்பில் சுலபமாக ஒட்டும். உங்கள் போர் தண்ணீரில் அது தனியாக இல்லை. பைகார்பனேட்டிலிருந்து வரும் கார்பனேட்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து அதை அணைத்துக்கொள்கின்றன. கடின நீராக இருந்தால் கால்சியமும் வந்து சேர்ந்துகொள்கிறது. இப்படித் துணையோடு போகும் யுரேனியம் எதிர் மின்னூட்டம் கொண்டதாகவோ, மின்னூட்டமே இல்லாததாகவோ மாறிவிடுகிறது. பாறையிலிருந்து அதைக் கரைத்துக் கொண்டுவந்த அதே கை, ஃபில்டரில் ஒட்டவிடாமலும் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, செறிவு. ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்பது போன்ற எண்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராம் மாதிரியான செறிவில் அளந்து வருபவை. உங்கள் தண்ணீரைப் போல் 500 மடங்குக்கும் மேல். திருவிழா நாளில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் நிற்பார்கள். அதே பஸ் நடுராத்திரியில் ஊருக்கு ஊர் நின்றாலும் பாதி சீட் காலியாகத்தான் ஓடும். பஸ்ஸில் எத்தனை சீட் என்பது மட்டும் கேள்வியில்லை, நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும்தான். செறிவு குறைந்தால் ஒட்டும் அளவும் குறையும்.

இப்போது விற்பனையாளரின் கணக்கையே போட்டுப் பாருங்கள். 200 கிராம், கிராமுக்கு 200 மில்லிகிராம் என்றால் அந்த ஃபில்டர் மொத்தம் 40 கிராம் யுரேனியத்தைப் பிடிக்கும். நீங்கள் தினம் 20 லிட்டர் வடிகட்டினால் வருடத்துக்கு உள்ளே வருவது 0.67 கிராம்தான். அதாவது தாளில் அது 60 வருடம் ஓட வேண்டும்! அவர் மூன்று வருடம் என்று சொல்லும்போது அடக்கமாகச் சொல்வதுபோல் தோன்றும். அந்த மூன்று வருடத்துக்கே, உங்கள் பைகார்பனேட் தண்ணீரில், இந்தக் குறைந்த செறிவில், ஒவ்வொரு கிராமும் 10 மில்லிகிராம் பிடித்தாக வேண்டும். பிடிக்குமா என்பதை உங்கள் தண்ணீரை மாதக்கணக்கில் ஓட விட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அந்த அறிக்கை அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள், அதில் பைகார்பனேட்டும் கால்சியமும் எவ்வளவு, எத்தனையாவது லிட்டரில் வெளியே வரும் நீர் 30ஐத் தாண்டியது, தீர்ந்த கார்ட்ரிட்ஜை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் 380 ரூபாய்ப் பொருளைக்கூட வாங்காதீர்கள்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. இப்படி ஒட்டவைக்கும் ஃபில்டர் தீர்ந்துபோனால் உங்களுக்குத் தெரியாது. உங்கள் டிடிஎஸ் 780 மில்லிகிராம். அதில் யுரேனியம் 0.092, எட்டாயிரத்தில் ஒரு பங்குதான். டிடிஎஸ் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. ஃபில்டர் நன்றாக வேலை செய்யும் நாளிலும் 780 காட்டும், செத்துப்போன நாளிலும் 780 காட்டும். சுவையும் மாறாது. அதை நம்பிக் குழந்தைக்குப் பால் கலந்துகொண்டிருப்பீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்பி அளப்பது ஒன்றே வழி. மூன்று வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் பொருள் இந்த இடத்தில்தான் ஆபத்து.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது ஆர்.ஓ.தான். அதிலுள்ள மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு சரியாக இருந்தால் யுரேனியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். கார்பனேட்டுகளை அணைத்துக்கொண்டு பருத்துப்போன அதே யுரேனியம் மெம்பிரேனுக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது. நானோவுக்கு இடைஞ்சலானது இங்கே நமக்கு உதவி. சாதாரண உப்பைவிட யுரேனியத்தை மெம்பிரேன் நன்றாகவே தடுப்பதால், வெளியே வரும் நீரின் டிடிஎஸ் குறைவாக இருக்கும் வரை யுரேனியமும் குறைவாகத்தான் இருக்கும். 400 ரூபாய் மீட்டர் உங்களுக்குக் காவல் நிற்கும்.

ஆனால் ஒன்று, இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். வீட்டு ஆர்.ஓ. மிஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று, மெம்பிரேன் வழியே போகாத தண்ணீரை அது கொஞ்சம் கலந்துவிடும். உங்கள் வீட்டில் மெம்பிரேன் 60 டிடிஎஸ் தருகிறது, மெக்கானிக் திருகித் திருகி 250க்குக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். கால் பங்குக்கு மேல் போர் தண்ணீர் நேரடியாகக் கலக்கிறது என்று அர்த்தம். யுரேனியம் 3இலிருந்து 26ஐத் தாண்டிவிடும். அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள், அல்லது அது இல்லாத மிஷின் வாங்குங்கள். தாது உப்பு குறைகிறதே என்ற கவலைக்கு ராகியும் கீரையும் மோரும் பதில் சொல்லும். உப்பைக் கார்ட்ரிட்ஜ் வழியாகச் சேர்க்கும் மிஷின்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் மெம்பிரேன் நீரைத் தனியாகப் பிடித்து டிடிஎஸ் பாருங்கள்.

கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போட்டிருக்கிறோம், போதாதா என்று பெங்களூரு பக்கத்திலிருந்து பலர் கேட்கிறார்கள். போதாது. அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியம் போன்ற நேர் அயனிகளைப் பிடிப்பவை. உங்கள் யுரேனியம் பெரும்பாலும் அந்த வேஷத்தில் வருவதில்லை. எதிர் அயனிகளைப் பிடிக்கும் ஆனயான் ரெசின் என்று வேறொன்று இருக்கிறது. அது யுரேனைல் கார்பனேட்டை அபாரமாகப் பிடிக்கும், தண்ணீரும் அதிகம் வீணாகாது. அமெரிக்காவில் சின்ன ஊர்களின் குடிநீருக்குப் பரிந்துரைக்கப்படும் முறைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கும் ஆளும் ஆய்வும் வேண்டும். ஒரு தெருவோ கிராமமோ சேர்ந்து வைக்கலாம், தனி வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஆர்.ஓ.வில் எனக்கு மனவருத்தம் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் கழிவு போகிறது. 1,100 அடியிலிருந்து ஏற்றிய தண்ணீரை, கோலாரில், அப்படி ஊற்றுவது நெஞ்சை உறுத்துகிறது. தினம் 60 லிட்டர் கழிவை ஒரு டிரம்மில் பிடித்துக் கழிவறைக்கும் வீடு துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் யுரேனியம் லிட்டருக்கு 120 சொச்சம் இருக்கும், உப்பும் கூடியிருக்கும். கீரைப் பாத்திக்கும் முருங்கைக்கும் வேண்டாம்.

நானோ ஆராய்ச்சி எனக்கு ஏன் முக்கியம் என்றால் இதே காரணம்தான். தண்ணீரை வீணாக்காமல் யுரேனியத்தை மட்டும் பொறுக்கி எடுக்கும் பொருள் இந்த வறண்ட மாவட்டங்களுக்குத் தேவை. கடல் நீரிலிருந்து யுரேனியம் எடுக்க முயல்பவர்கள் அமிடாக்ஸைம் என்ற வேதித்தொகுதியை இழைகளில் பொருத்திப் பல வருடமாக உழைக்கிறார்கள். கடலில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம்தான், கார்பனேட்டும் உண்டு. நம் பிரச்சினையைவிடக் கடினமான பரீட்சை அது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபிரை கேன்யன் என்ற இடத்தில் 1997இல் நிலத்தடி நீரின் பாதையிலேயே இரும்புத் துருவல், பாஸ்பேட் போன்றவற்றைச் சுவர்போலப் புதைத்து, கடந்து போகும் நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடித்துக் காட்டினார்கள். நானோ இரும்பு அந்த வேதியியலின் அடுத்த தலைமுறை. துகள்களைத் தனித்தூளாக விடாமல் மணிகளாகக் கட்டுவது, தண்ணீரோடு அவை கசியாமல் பார்ப்பது, தீர்ந்ததை மீட்டுப் பயன்படுத்துவது, பிடித்த யுரேனியத்தைப் பாதுகாப்பாக ஒப்படைப்பது என்று வேலை பாக்கி இருக்கிறது. ஒரு வீட்டில் வருடத்துக்கு 0.67 கிராம் பெரிதில்லை. 300 வீடுகள் தீர்ந்த கார்ட்ரிட்ஜை ஒரே குப்பைமேட்டில் போட்டால் வருடத்துக்கு 200 கிராம். மேடுகளோடு வாழ்ந்த ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வேலை முடிந்து, உங்கள் ஊர்த் தண்ணீரிலேயே ஓட்டிக்காட்டிய ஒரு வடிகட்டி வந்தால், வாங்குங்கள் என்று முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன்.

அப்புறம் மழை. மொட்டைமாடி 1,000 சதுர அடி, உங்கள் பக்கம் வருடத்துக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 50,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் உங்களுக்கு வேண்டியது வருடத்துக்கு 7,300 லிட்டர். மழைநீரில் யுரேனியம் அனேகமாகக் கிடையாது. முதல் மழையை வெளியே விட்டு, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக வெளிச்சம் புகாத 5,000 லிட்டர் டேங்கில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம். இங்கே காய்ச்சுவது சரியான மருந்து. 38,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கொத்தனாரிடம் பேசிப் பாருங்கள்.

ஆர்.ஓ. பொருத்தி ஒரு வாரம் ஓடியதும் அதே ஆய்வகத்துக்கு இரண்டு பாட்டில் அனுப்புங்கள். ஒன்று போர் தண்ணீர், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தது. இன்னொன்று ஆர்.ஓ. குழாயிலிருந்து. புது பிளாஸ்டிக் பாட்டிலை அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிப் பிடியுங்கள். அமிலம் சேர்க்க வேண்டுமா என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பைகார்பனேட், கால்சியம், ஃபுளோரைடு மூன்றையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கோலாரில் ஃபுளோரைடைப் பார்க்காமல் விடக் கூடாது. தெருமுனையில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. யூனிட் இருந்தால் அதிலிருந்தும் ஒரு பாட்டில். மெம்பிரேன் கிழிந்தே ஓடும் யூனிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், அதிலிருந்து குடிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உங்கள் அறிக்கை உதவும். கோடையில், நீர்மட்டம் இறங்கிய பிறகு, இன்னொரு முறை அனுப்புங்கள். எண்கள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.